தமிழை நிறுத்திய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் கேபிள் ரீவிக் கட்டுப்பாட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைமாருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மனேஜர் கேட்டார். நல்ல வார்த்தை நாலு எழுதுவேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். என்னிடம் மிச்சம் இருப்பது கோபம். அதையே எழுதித் தருகிறேன். பிரசுரிப்பதும் கிழித்துப் போடுவதும் அவர் பாடு.

முதல்நாளே உங்களுக்கு ஒரு வசனம் சொல்லித் தந்திருப்பார்கள். "நாங்கள் வெறும் குழாய். தண்ணி எங்கையிருந்து வருகுதெண்டு குழாய் கேக்கிறதில்லை." எனக்கும் அதைத்தான் சொல்லித் தந்தார்கள். கொழும்பிலிருந்து வகுப்பெடுக்க வந்தவர் கழுத்துப்பட்டியைத் தடவித் தடவிச் சொன்னார். நாங்களும் தலையாட்டி எழுதிக்கொண்டோம். இன்றைக்கு ஓய்வு பெற்று வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது அந்த வசனம் நினைவுக்கு வந்தால், தேங்காயை விட்டுவிட்டு விரலைத் துருவிவிடுவேன். அவ்வளவு எரிச்சல். உங்கள் வீட்டுக் குழாயில் சேறு வந்தால் பாத்திரத்தில் பிடித்துப் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுப்பீர்களா? குழாயைப் பூட்டிவிட்டுத்தானே மற்ற வேலை பார்ப்பீர்கள்?

எந்தப் பொத்தான் எதற்கு, எந்த அன்ரெனாத் தட்டு எந்தத் திசை என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை நான் எழுதப் போவதில்லை. அமெரிக்கச் சனல்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தமிழ்நாட்டுத் தொடர்நாடகச் சனல்களை நாங்கள் கண்காணிக்கத் தேவையே இல்லை. அதில் ஒரு நிமிடம் சத்தம் போனால் யாழ்ப்பாணமே போன் எடுத்துச் சொல்லிவிடும். அமெரிக்கச் சனல் அப்படியில்லை. அது பாட்டுக்கு ஓடும். சனமும் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கும். அதில் சொல்வது எல்லாம் உண்மை என்ற நம்பிக்கையோடு பார்க்கும். வெள்ளைக்காரன் பொய் சொல்லுவானோ என்ற நினைப்பு எங்களில் இன்னும் போகவில்லை.

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வேலைக்கு வந்தேன். அமெரிக்கச் சனல் என்றால் அறிவு என்று எண்ணினேன். கதிரையில் இருந்து நாள் முழுக்கப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் குட்டு வெளித்தது. வரலாறு என்று பெயர்ப்பலகை போட்டிருப்பார்கள், உள்ளே போனால் வேற்றுக்கிரகத்தார் வந்து கல் அடுக்கிய கதை. இயற்கை என்பார்கள், தாடி வளர்த்த ஒரு மனிதர் காட்டுக்குள் நின்று பூச்சி தின்பார். சமையல் என்றால் ஒருவர் மற்றவரை வாய்க்கு வந்தபடி திட்டவேண்டும். யாரோ பூட்டிவிட்டுப் போன சாமான் அறையை ஏலத்தில் எடுப்பதற்கு ஒரு தொடர், அந்த ஏலத்தில் தோற்றவர் அழுவதற்கு இன்னொரு தொடர். இரண்டு வரியில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயத்தை விளம்பரத்துக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் சொல்லி ஒரு மணித்தியாலம் ஆக்குவார்கள். பிறகு அதே நிகழ்ச்சியை அந்தக் கிழமைக்குள்ளேயே திரும்பத் திரும்பப் போடுவார்கள். இந்தத் திரும்பப் போடும் பழக்கத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள். கதை அதில்தான் இருக்கிறது.

அடுத்தது அவர்களின் தமிழ். ஒரே படத்தோடு ஆங்கிலம், ஹிந்தி, தமிழ் என்று பல குரல்கள் வானத்திலிருந்து இறங்குகின்றன. எந்தக் குரலை ஊருக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பது எங்கள் அறைதான். சனம் விரும்பியபடியால் நாங்கள் தமிழை அனுப்பினோம். அந்தத் தமிழைச் செய்கிறவர்கள் படத்தைப் பார்த்துச் செய்கிறார்களா, பஸ்சுக்குள் நின்றுகொண்டு செய்கிறார்களா என்று எனக்கு நீண்டநாள் சந்தேகம். ஒருமுறை அமெரிக்காவின் தென்கோடியில் புயல் அடித்த கதை ஓடியது. புயல் கரையைக் கடந்தது என்று சொல்லவேண்டிய இடத்திலெல்லாம் 'நிலச்சரிவு' என்று சொன்னார்கள். நெல்லியடியில் இருந்து இளைப்பாறிய பூமிசாத்திர ரீச்சர் ஒருவர் போன் எடுத்தார். "பிள்ளை, அந்த இடம் எங்கடை வடமராட்சி மாதிரிச் சப்பட்டை. சரியிறதுக்கு அங்கை மலை எங்கையிருந்து வந்தது?" என்று கேட்டார். எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அன்றைக்கு அது சிரிப்பு. பிழையான சொல் அமெரிக்காவில் இல்லாத மலையைச் சரித்தால் யாருக்கும் ஒன்றும் இல்லை.

அதே மாதிரி ஒரு சொல் குருநகரில் வந்து விழுந்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை. வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். எழுபதைத் தாண்டியவர், வெயில் குடித்த கறுப்பு, கழுவித் தேய்த்த வெள்ளைச் சேட்டு, கையில் செருப்பு. எங்கள் அறைக்குள் செருப்போடு வரக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கழற்றியதை வெளியில் விடாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, நீங்கள்தானோ இந்தச் சனல் எல்லாம் விடுற ஆள்?"

"ஓம் அண்ணை. என்ன, படம் வரேல்லையோ?"

"படம் வருகுது. படத்திலை நான் வாறன். என்ரை வாய் அசையுது. குரல் என்ரை இல்லை."

அவர் பெயர் சூசைப்பிள்ளை. வள்ளக்காரர். இந்தியாவிலும் இங்கேயும் தெரியும் ஓர் அமெரிக்கப் பயணச் சனலில் இருந்து ஒரு கூட்டம் முந்தின வருடம் யாழ்ப்பாணம் வந்திருந்தது. தொப்பி போட்ட பெரிய மனிதர் ஒருவர் ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டு, சாப்பிட்ட இடத்தில் ஆட்களோடு கதைப்பதுதான் நிகழ்ச்சி. அந்தத் தொப்பிக்காரர் சூசையண்ணை வீட்டில் நண்டு போட்டுக் காய்ச்சிய ஒடியற்கூழ் குடித்திருக்கிறார். நண்டுக்காலை உறிஞ்சியபடி பழைய காலத்தைக் கேட்டிருக்கிறார். தரைப்பாதை பூட்டிக் கிடந்த காலத்தில் கடல்நீரேரி வழியாகத்தானே எங்கள் சனம் போய் வந்தது? இருட்டில், துப்பாக்கிச் சூடு விழும் என்று தெரிந்துகொண்டு வள்ளம் ஓட்டியவர்களில் சூசையண்ணையும் ஒருவர். அதைத் தன் தமிழில் சொல்லியிருக்கிறார். அவர்களும் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

நிகழ்ச்சி வியாழக்கிழமை பின்னேரம் முதல்முறை போனது. சூசையண்ணை வீட்டில் அயலட்டை எல்லாம் கூடியிருக்கிறது. மகள் ரோல்ஸ் சுட்டு வைத்திருக்கிறாள். வீடு தெரிந்தது, வள்ளம் தெரிந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு சூசையண்ணை திரையில் வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து சினிமா வில்லனுடையது போல ஒரு தடித்த குரல் வந்தது.

"போர்க்காலத்தில் இரவோடு இரவாக நான் ஆட்களைக் கடத்தினேன்."

நான் அந்த நிகழ்ச்சியின் பதிவை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். நான் பார்த்துவிட்டு என்ன சொல்லப்போகிறேன் என்று சூசையண்ணை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன நடந்திருக்கிறது என்று விளங்க எனக்குக் கொஞ்சநேரம் பிடித்தது. அவர் தமிழில் சொன்னதை முதலில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். மறுகரைக்குக் கொண்டுபோனார் என்று ஆங்கிலத்தில் சரியாகத்தான் இருந்தது. அந்த ஆங்கிலத்தை எங்கேயோ ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தில் திரும்பத் தமிழாக்கி, இன்னொருவரைக் கொண்டு பேசவைத்து, அவருடைய சொந்தக் குரலின்மேல் ஏற்றிவிட்டார்கள். தமிழனுக்குத் தமிழில் பின்னணிக் குரல்! இப்படியொரு கூத்தை நீங்கள் எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? தமிழில் கதைத்த மனிதரின் தமிழை அழித்துவிட்டுத் தமிழ் போட்டிருக்கிறார்கள். அந்தத் தமிழில் அவர் ஆட்கடத்தல்காரர்.

ஆட்களைக் கடத்துவது என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு வாகனம் வந்து நிற்கும். அதற்குப் பிறகு ஒரு வீட்டில் ஒரு பிள்ளை இருக்காது. அந்தச் சொல்லை யாழ்ப்பாணத்தில் பகிடிக்குக்கூட ஒருவரும் சொல்வதில்லை.

"சனம் என்ன சொன்னது அண்ணை?" என்று கேட்டேன்.

"சனம் சொல்லுறதைச் சொல்லட்டும். என்னைத் தெரிஞ்ச சனத்துக்கு என்னைத் தெரியும். நான் அதுக்கு வரேல்லைத் தங்கச்சி. நேற்று அரியாலையிலை இருந்து ஒரு மனிசி வந்தவ."

அந்த மனிசியின் பெயர் யோகம்மா. மகனைப் பிடித்துக்கொண்டு போய்ப் பல வருடம். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாத கந்தோர் இல்லை, இருக்காத போராட்டம் இல்லை. வியாழக்கிழமை ரீவி பார்த்திருக்கிறார். விடிந்ததும் விசாரித்துக்கொண்டு குருநகர் வந்துவிட்டார். சண்டைக்கு வரவில்லை. திட்டவும் இல்லை. சூசையண்ணையின் வாசலில் நிலத்தில் இருந்து, படத்தை மடியில் விரித்து வைத்துக் கேட்டிருக்கிறார்.

"அண்ணை, நீங்களே உங்கடை வாயாலை சொன்னியள். நான் பொலிசுக்குப் போகமாட்டன். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். என்ரை பிள்ளையை எங்கை கொண்டுபோய் விட்டனீங்கள் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

சூசையண்ணை இதைச் சொல்லும்போது குரல் உடையவில்லை. ஆனால் கையிலிருந்த செருப்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை அம்மா எண்டு சொன்னன். நம்பமாட்டன் எண்டிறா. ரீவியிலை கண்ணாலை பாத்தனான் எண்டிறா. இண்டைக்கும் வருவா, நாளைக்கும் வருவா. அவவைப் பாத்து இன்னும் எத்தினை தாய்மார் வருவினமோ? அவைக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது? நாளைக்கு உந்தப் படத்தைத் திரும்பப் போடப்போறாங்களாம் எண்டு மகள் சொல்லுறாள். நிப்பாட்டுங்கோ தங்கச்சி."

நான் அட்டவணையைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஊரே வீட்டில் இருக்கும் நேரம். போதாததற்கு ஒரு முன்னோட்டத் துண்டு வேறு. இரண்டு நிகழ்ச்சிக்கு இடையில் அடிக்கடி போடுவார்களே, அதற்காக அந்த ஒரு வரியைத்தான் வெட்டி எடுத்து, மேளம் அடித்து, வெடிச்சத்தம் சேர்த்துவிட்டிருந்தார்கள். அவர்களுக்கு அந்த வரி நன்றாகப் பிடித்துப்போய்விட்டது.

எங்கள் வேலையில் அவசரம் என்றால் வழக்கமாகத் தட்டு திரும்பிவிடும், மின்சாரம் போகும், மழை வரும். அதற்கெல்லாம் வழி இருக்கிறது. இதற்கு யாரிடம் போவது? கொழும்பு முகவருக்குப் போன் எடுத்தேன். முறைப்பாட்டை மின்னஞ்சலில் போடுங்கள், சிங்கப்பூருக்கு அனுப்புகிறோம் என்றார். சிங்கப்பூர் எப்போது பதில் போடும் என்று கேட்டேன். இன்றைக்குச் சனிக்கிழமை அல்லவா என்று எனக்கே கிழமை சொல்லித் தந்தார். தமிழ்க் குரல் செய்த கூடத்தின் இலக்கமாவது தாருங்கள் என்று விடாப்பிடியாக நின்று வாங்கினேன்.

அந்தப் பக்கம் ஓர் இளைஞர் எடுத்தார். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். அதற்குப் பிறகு சொன்னார்:

"மேடம், அதுல தப்பு இல்லையே. கடத்துறதுன்னா ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடத்துக்குக் கொண்டு போறது. டிக்சனரியில அப்படித்தான் இருக்கு. மின்சாரத்தக் கடத்துதுன்னு சொல்றதில்லையா?"

எனக்கு உச்சியில் ஏறியது. "தம்பி, எங்கடை ஊரிலை அந்தச் சொல்லை அகராதியிலை பாத்து அறிஞ்ச ஆள் ஒருத்தரும் இல்லை," என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "மேடம், எபிசோட் டெலிவர் ஆயிடுச்சு. எங்க கைல இப்ப எதுவும் இல்ல. காலையில ஸ்கிரிப்ட் வரும், சாயந்தரம் குரல் கொடுத்து அனுப்பணும். படத்தை முழுசாப் பார்க்கக்கூட விடமாட்டாங்க," என்றார். அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபம் இல்லை. வானத்திலிருந்து எங்கள் கடலைப் படம் பிடிக்க ட்ரோன் கொண்டுவந்தவர்களில்தான் கோபம். நண்டுக்காலைக் கிட்டத்தில் காட்டுவதற்கு ஒரு கமெராவும் ஒரு ஆளும் தனியாக வைத்திருந்தார்கள். ஒரு மனிதரின் வாயில் வைக்கப்போகும் வரியை யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கு வாசித்துக் காட்ட ஒரு போன் அழைப்புக்கு மட்டும் அவர்களிடம் வழியில்லை!

அமெரிக்காவிலிருந்து சிங்கப்பூர், சிங்கப்பூரிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து நாங்கள். எல்லோரும் குழாய். கேட்டால் ஒவ்வொரு குழாயும் அடுத்த குழாயைக் காட்டுகிறது. ஆனால் சேறு வந்து விழுந்த இடம் யோகம்மாவின் மடி.

இனி எங்கள் மனேஜர். அப்போது இருந்தவர், இப்போதைய தம்பி இல்லை. நல்ல பிள்ளை, பயந்த பிள்ளை. நான் வாயைத் திறக்கமுதலே ஒப்பந்தத்தைப் பற்றித் தொடங்கிவிட்டார்.

"அக்கா, படத்தை மறைச்சமெண்டால் சனலையே பறிச்சுப்போடுவாங்கள். அதிலை கை வைக்கேலாது."

"படத்திலை நான் கை வைக்கேல்லைத் தம்பி. படத்திலை பிழையில்லை. பிழை தமிழிலை. நாளைக்குப் பின்னேரம் தமிழை நிப்பாட்டிப்போட்டு இங்கிலீசை விடப்போறன். எந்தக் குரலை விடுறது எண்டது எங்கடை விருப்பம். ஒப்பந்தத்திலை அதுக்குத் தடை இல்லை."

"சனம் போன் எடுத்துக் கத்துமே அக்கா!"

"கத்தட்டும். அதுதான் எனக்கு வேணும்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் விளக்கினேன். திரைக்குக் கீழே திருத்தம் என்று ஒரு வரி ஓடவிட்டால் யார் வாசிக்கப் போகிறார்கள்? அதே வரியில் மரண அறிவித்தல், கோயில் திருவிழா, தளபாட மலிவு விற்பனை எல்லாம் ஓடுகிறது. ஆனால் கோபத்தோடு போன் எடுக்கிற ஒருவர் நாங்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார். கேட்டதை அன்றைக்கே பத்துப் பேருக்குச் சொல்லுவார். யாழ்ப்பாணத்தில் இதைவிட வேகமான அலைவரிசை இல்லை.

இரண்டாவது காரணத்தை நான் அவருக்குச் சொல்லவில்லை. பதிவைப் போட்டுப் பார்த்தபோது ஆங்கிலக் குரலுக்கும் மாற்றிப் பார்த்திருந்தேன். அதில் தொப்பிக்காரர் ஆங்கிலத்தில் கதைக்கிறார். ஆனால் சூசையண்ணை கதைக்கும் இடத்தில் ஆங்கிலக்காரர் யாரும் அவர்மேல் ஏறவில்லை. கீழே எழுத்து மட்டும் ஓடுகிறது. சூசையண்ணை தன் சொந்தக் குரலில், குருநகர்த் தமிழில் கதைக்கிறார். தமிழை நிறுத்தினால்தான் அவருடைய தமிழ் கேட்கும்.

மனேஜர் நெற்றியைத் தேய்த்தார். "எனக்கு ஒண்டும் தெரியாது அக்கா. நாளைக்கு நான் ஒரு கலியாண வீட்டுக்குப் போறன். போனையும் நிப்பாட்டி வைச்சிடுவன்," என்றார். அவரால் அவ்வளவுதான் முடியும். அவ்வளவும் போதும் என்று எனக்குப் பட்டது.

சூசையண்ணைக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அப்ப அந்த மனிசியை நான் இஞ்சை கூட்டிக்கொண்டு வாறன் தங்கச்சி. நான் சொன்னா நம்பமாட்டா. எந்தப் பெட்டி சொன்னதோ அந்தப் பெட்டிதான் அவவுக்கு மாத்திச் சொல்லோணும்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரே ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். யோகம்மா மெலிந்த மனிசி, கழுத்தில் ஒன்றும் இல்லை, கையில் ஒரு கைப்பை. பிள்ளையைப் பற்றிச் செய்தி கிடைக்கும் இடத்துக்கு வந்தவர் போலத்தான் வந்தார். நான் அவருக்கு என்னுடைய கதிரையைக் கொடுத்தேன். போன் எடுக்கிற பிள்ளைகள் இருவரையும் கூப்பிட்டு, யார் எடுத்தாலும் இதைத்தான் சொல்லவேண்டும், அவசரப்பட்டு வைத்துவிடக்கூடாது என்று சொன்னேன். நிகழ்ச்சிப் பாட்டுத் தொடங்கியதும் தமிழை நிறுத்தினேன்.

நான் யாழ்ப்பாணத்தில் தமிழ் படித்தவள். தமிழில் பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவள். என் கையால் தமிழை நிறுத்தவேண்டி வரும் என்று கனவிலும் நினைத்ததில்லை. அந்த நிமிடம் எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் யார்மேல் போடுவது என்று தெரியவில்லை.

தொப்பிக்காரர் ஆங்கிலத்தில் இரண்டு வசனம் கதைக்கவில்லை, போன் அடித்தது. முதல் ஆள் திருநெல்வேலியிலிருந்து.

"என்ன நடக்குது உங்கை? நாங்கள் மாசாமாசம் சந்தா கட்டுறது இங்கிலீசு படிக்கவோ?"

"இல்லை அண்ணை. தமிழிலை ஒரு பொய் சொல்லுறாங்கள். அதாலை நாங்கள்தான் நிப்பாட்டினனாங்கள்."

அவருடைய குரல் இறங்கியது. "என்ன பொய்?"

அன்றைக்கு எடுத்த எல்லோரும் அதே இடத்தில் அதையே கேட்டார்கள். என்ன பொய்? எங்கள் சனத்திடம் பொய் ஒன்று இருக்கிறது என்று சொன்னால் அது என்ன என்று அறியாமல் போனை வைக்கமாட்டார்கள். குருநகர் சூசைப்பிள்ளை ஆட்களைக் கடத்தியவர் இல்லை, பாதை பூட்டின காலத்தில் சனத்தை அக்கரை சேர்த்தவர், அவருடைய குரலை மாற்றிவிட்டார்கள், இப்போது சொந்தக் குரலில் கதைப்பார், கேளுங்கள் என்று பிள்ளைகள் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். ஒருவர்கூட எங்களைத் திட்டிவிட்டு வைக்கவில்லை.

அந்த இடம் வந்தது. கூழ்ச்சட்டி, நண்டு, தொப்பிக்காரரின் கேள்வி. திரையில் சூசையண்ணை வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"பாதை பூட்டின நேரம் சனத்தை அக்கரையிலை கொண்டுபோய் விட்டனான். விட்டிட்டுத் திரும்பி வந்து மற்ற ஆக்களை ஏத்தினனான். எத்தினை தரம் எண்டு எண்ணேல்லை."

அவ்வளவுதான் அவர் சொன்னது. கதிரைக்குப் பக்கத்தில் நின்ற சூசையண்ணை திரையைப் பார்க்கவில்லை. யோகம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். யோகம்மா திரையையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். அந்தக் குரல் இந்த வாயிலிருந்துதான் வந்தது என்று அவருக்கு விளங்கியது. விளங்கியதும் முகம் தெளியவில்லை. செய்தி கிடைக்கப்போகிறது என்று வந்தவர் அவர். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அப்போது இன்னொரு போன். எடுத்த பிள்ளை கேட்டுவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி திருப்பிவிட்டாள். ஒரு பெண்குரல், அழுகையும் சிரிப்புமாக.

"அந்த ஆள் உயிரோடை இருக்கிறாரோ? என்னையும் என்ரை பிள்ளையளையும் ஏத்தினவர். கடைக்குட்டி அழுதவள். மற்ற ஆக்கள் வாயைப் பொத்து, வாயைப் பொத்து எண்டு என்னோடை சண்டை. அவர்தான் பொத்தாதை பிள்ளை, மூச்சு முட்டிப்போகும், அழட்டும், காத்திலை கேளாது எண்டு சொன்னவர். அவள் இப்ப ரெண்டு பிள்ளைக்குத் தாய். அவருக்குச் சொல்லுவியளோ?"

சூசையண்ணை போனுக்குக் கிட்ட வந்து, குனிந்து, "கேட்டனான் பிள்ளை," என்றார்.

அறையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. யோகம்மா கைப்பையைத் திறந்து மகனின் படத்தை எடுத்தார். கந்தோர் கந்தோராகச் செய்ததுபோல அதை நீட்டவில்லை. தன்னுடைய பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

"அண்ணை, நீங்கள் ஏத்தின ஆக்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்தவையோ?"

"ஓம் அம்மா. என்ரை வள்ளத்திலை ஏறின ஆக்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்தவை."

யோகம்மா படத்தை ஒருமுறை துடைத்துவிட்டுத் திரும்பக் கைப்பைக்குள் வைத்தார்.

"அப்பிடியெண்டால் என்ரை பிள்ளையை நீங்களே கொண்டுபோயிருக்கலாம்," என்றார்.

சூசையண்ணை அவரை வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனார். நான் என்னுடைய கதிரையில் இருந்து, பிறகு வந்த போன்களை நானே எடுத்தேன். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

சிங்கப்பூரிலிருந்து பதில் வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி, உங்களைப் போன்ற நேயர்களே எங்கள் பலம் என்று யாருக்கும் பொருந்தக்கூடிய ஒரு பதில். திருத்தினார்களா என்று நான் திரும்பவும் எழுதினேன். திரும்பவும் நன்றி சொன்னார்கள். அந்தக் குரலை அவர்கள் மாற்றவில்லை. மழைக்காலத்தில் பழையதை எடுத்து வரிசையாகப் போடும்போது அந்த நிகழ்ச்சியும் வருகிறது. இன்னும் வரும். நான் இருந்தவரை அட்டவணையைப் பார்த்து அந்த நேரத்தில் கதிரையில் இருந்தேன். இனி அந்தக் கதிரை உங்களுடையது.

கழுத்துப்பட்டிக்காரர்கள் வந்து குழாய் என்பார்கள். தலையாட்டுங்கள், அதில் பிழையில்லை. ஆனால் தொப்பிக்காரர் ஒடியற்கூழ்ச் சட்டிக்கு முன்னால் வந்து இருக்கும் நாளில், அந்தத் தமிழை நிறுத்திவிட்டுப் போனுக்குப் பக்கத்தில் இருங்கள்.